வாடகைக்கு விடாத அறை

கய்யாவோ துறைமுகம், பெரு
1988 ஜூன் 12

அன்புள்ள அண்ணன் மெல்ச்சோருக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பல் கட்டிக்கொண்டாயா, இல்லை இன்னும் ஈறாலேயே சோளம் மெல்லுகிறாயா? இங்கே கடல் பனி இறங்கிவிட்டது. துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில் நனைந்தபடியே தொங்குகிறது. நானும் என் மகள் நெலியும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் இதயம் பெருத்துவிட்டதாம். படம் பிடித்துக் காட்டினார்கள்.

இந்த நவம்பரில், இறந்தவர்கள் வரும் நாளுக்குக் குஸ்கோவுக்கு வரப் போகிறேன் என்று வைத்தியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "குஸ்கோவா? ரெண்டு மாடி ஏறுனாலே உங்களுக்கு இரைக்குது. நீங்க மலை மேல போய் நிக்கணும்ங்கிறீங்க" என்றார். நான் பிறந்த ஊர் அது என்றேன். "பொறந்தப்ப உங்க இதயம் சின்னதா இருந்திருக்கும்" என்றார்.

அவர் பேசட்டும். இந்த இதயத்தோடு அடுத்த வருஷம் வர முடியாது, அதனால் இந்த வருஷம். உன் அறையில் தங்க முடியாது, அது சான் பிளாஸ் படிக்கட்டின் உச்சியில் இருக்கிறது. எந்த விடுதி எனக்கு ஆகும் என்று நீ சொல். வாழ்நாள் முழுக்க விடுதிக் கதவு காத்தவன் நீ.

உன் தங்கை,
பசிலியா


குஸ்கோ
ஜூலை 3

என் தங்கச்சி பசிலியாவுக்கு,

நீ கண் விழித்து, கால் ஊன்றி நடக்கிறாய் என்று நம்பிச் சொல்லுகிறேன். பல் கட்டவில்லை. சோளம்தான் இறங்கி வந்து இப்போது வேகவைத்துக் கிடைக்கிறது.

அஞ்சலகத்துக்கு எதிரே மிஷினோடு உட்காரும் ஒப்துலியா இதைத் தட்டுகிறாள். உன் கடிதத்தையும் அவள்தான் படித்துக் காட்டினாள். நீ அந்தக் கோயில் மாலைப் பள்ளியில் எழுத்துக் கற்றது நல்லதாயிற்று. நான் ஊருக்கே என் வீட்டுச் சேதியைக் கேட்கச் செய்துதான் உனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

விடுதி கேட்டாய். ரயிலடிப் பக்கம் நிலம் சமம், ஆனால் விடியுமுன் வண்டி ஊதும். பெரிய சதுக்கத்தில் கோயில் மணி உன் தலைமாட்டிலேயே அடிக்கும். கன்னியர் மடத்து விடுதி சுத்தம். எட்டு மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள், போர்வை ஆட்டுக்கிடா எடை இருக்கும். லிமாக்பம்பாவில் என் பழைய கூட்டாளி ஒருத்தனுடைய விடுதி, முற்றத்தில் நாள் முழுக்க வெயில். எனக்குக் கேட்டால் அதுதான்.

எங்கே தங்கினாலும் வந்த அன்று நகரத்தில் படுக்காதே. விமானம் இறங்கியதும் நேரே பள்ளத்தாக்குக்குப் போய் உருபாம்பாவில் சில இரவு தூங்கு. நகரத்தைவிட அது தாழ்வு. பகலில் நடக்கிறவனை இந்த மலை ஒன்றும் செய்யாது. தூங்குகிறவன் நெஞ்சில்தான் ஏறி உட்காரும். எத்தனை வெள்ளைக்காரனை அப்படிக் காலையில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

நெலிக்கு என் ஆசி.

உன் அண்ணன்,
மெல்ச்சோர்


கய்யாவோ
ஜூலை 20

அண்ணா,

உன் ஆசியை நெலி வாங்கிக்கொண்டாள். என் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. உருபாம்பாவில் தூங்கிவிட்டு வருகிறேன், அதில் நீ சொன்னபடி.

ஆனால் மடத்துப் போர்வை எனக்கு ஆகாது. இரவில் எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது. ரயிலும் வேண்டாம், மணியும் வேண்டாம். உன் கூட்டாளியின் வெயிலும் வேண்டாம், அவன் சின்ன வயதில் என்னைப் பார்த்துச் சீட்டியடித்தவன்.

ஊரில் உள்ள விடுதி எல்லாம் எழுதினாய். நீ கதவு காக்கிற விடுதியை மட்டும் எழுதவில்லை. அது எந்தத் தெருவில், எந்த வீட்டை இடித்துக் கட்டினது என்று எனக்குத் தெரியும், அண்ணா. அங்கே அறை இல்லையா?

பசிலியா


குஸ்கோ
ஆகஸ்ட் 28

என் தங்கச்சிக்கு,

தாமதித்ததற்கு உடம்பு காரணமில்லை, உடம்பு நன்றாக இருக்கிறது. உன் கால் வீக்கம் முழுக்க வடிய வேண்டும்.

இங்கே உறைபனி இந்த முறை கடுமை. மேட்டு நிலத்தில் உருளைக்கிழங்கை விரித்துக் காய வைத்திருக்கிறார்கள்; ஊரெல்லாம் அந்த வாடைதான். நாம் வீட்டு வாசலில் ரொட்டி வாங்குவோமே அந்தக் கிழவியின் பேத்தி கல்யாணம் கட்டிக்கொண்டாள். சந்தைக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். முன்னைவிட அதிகம் ஒழுகுகிறது.

எங்கள் விடுதி உனக்கு நன்றாக இருக்காது. வாசலில் உயரமான படி, மாடிக்கு இன்னும் செங்குத்து. பின்பக்கம், கல்தொட்டிக்கு அருகே, ஓர் அறை மட்டும் சம தரையில் இருக்கிறது. ஆனால் நவம்பர் முதல் நாள் அதை யாருக்கும் கொடுப்பதில்லை.

ஒப்துலியா மிஷினை நிறுத்திவிட்டு, "ஏன் கொடுக்கிறதில்லன்னு அவங்க கேப்பாங்களே, பெரியவரே" என்கிறாள். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். இதையும் தட்டிவிட்டாள்.

மெல்ச்சோர்


கய்யாவோ
செப்டம்பர் 8

அண்ணா,

சுகம்தானே.

ஏன் கொடுப்பதில்லை?

பசிலியா


குஸ்கோ
செப்டம்பர் 21

என் தங்கச்சிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நெலி பக்கத்தில் இருக்கட்டும்.

ஐம்பதாம் வருஷப் பூகம்பத்துக்குப் பிறகு, நாம் குடியிருந்த அந்த வீட்டு மனையை வாங்கியவரின் மகன்தான் என் முதலாளி பெர்மீன். அவருடைய அப்பாவிடம் நான் வேலை கேட்டுப் போனபோது, அந்தப் பின்னறை இடிபாடாகக் கிடந்தது. மூன்று சுவர் நின்றன, முற்றத்துப் பக்கச் சுவர் இல்லை. அதை இடிக்காமல் நாலாவதை மட்டும் எழுப்பச் சொல்லுங்கள், நானே மண்கல் அறுத்துத் தருகிறேன் என்றேன். அறுத்தும் கொடுத்தேன். பிறகு, "எனக்குக் கிறிஸ்துமஸ் விடுப்பு வேணாம் ஐயா. நவம்பர் ஒண்ணாந் தேதி அந்த அறைய எனக்கு விட்ருங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், எதற்கு என்று கேட்கவில்லை. அந்த வருஷம் யார் வீட்டிலும் அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மேசை ஒன்று சின்னது போடுவேன். வெள்ளைத் துணி. சர்க்கரை போட்ட பால், அவித்த இளஞ்சோளம், ஓரோபேசாவிலிருந்து வருகிற ரொட்டியில் பையன்களுக்குச் செய்கிற குதிரை. அவனுடைய காதுமூடித் தொப்பியை மடித்து நடுவில் வைப்பேன். இடிபாட்டில் கிடைத்தது அது ஒன்றுதான். இறந்தவர்கள் முதல் தேதி உச்சிவேளைக்கு வருவார்கள், மறுநாள் உச்சிவேளைக்குப் போவார்கள். அதுவரை நான் கதவோரம் உட்கார்ந்திருப்பேன். இறந்தவர்கள் தெரிந்த வீட்டுக்குத்தானே வருவார்கள். வந்து பார்த்தால் யாரோ ஊர் தெரியாதவன் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தால் குழந்தை எங்கே போகும்?

நீ ரயில் ஏறிய அன்று என் சட்டையைப் பிடித்து, "அவன் பேர இனிமே என் காதுல போடாத" என்றாய். நான் போடவில்லை. இதிலும் போடவில்லை.

மெல்ச்சோர்


கய்யாவோ
அக்டோபர் 9

அண்ணா,

என்னைப் பற்றி நெலி கவலைப்பட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இப்போது எழுந்து சமைக்கிறேன்.

உன் கடிதத்தை மாவு டப்பாவில் வைத்துவிட்டேன். எடுத்துப் படித்தேன், மறுபடி வைத்தேன். நான் இத்தனை வருஷமும் இங்கே மேசை போட்டதில்லை. கடலோரத்தில் அவனுக்கு வழி தெரியாது என்று சொல்லிக்கொண்டேன். அங்கேயும் யாரும் போட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீடு இல்லாத இடத்துக்கு ஒவ்வொரு வருஷமும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறான் என்றே நினைத்திருந்தேன். இதை நெலியிடம்கூடச் சொன்னதில்லை. அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதே இப்போதுதான் தெரியும்.

குதிரை வேண்டாம். குதிரையைக் கண்டால் அவனுக்குப் பயம், கத்துவான்.

இருபத்தேழாம் தேதி விமானம். உருபாம்பாவில் தூங்கிவிட்டு, முதல் தேதி காலை மேலே வந்து அந்த அறையில் தங்குவேன். வேறு எங்கும் தங்க மாட்டேன். ஒரே ஒரு இரவு. வைத்தியரிடம் லிமாவில் கல்யாணம் என்று சொல்லியிருக்கிறேன்.

பசிலியா


குஸ்கோ
அக்டோபர் 18

என் தங்கச்சிக்கு,

நீ எழுந்து சமைக்கிறாய் என்று கேட்டதும் ஒப்துலியாவுக்கு ஒரு கோக்கா இலைக் கஷாயம் வாங்கிக் கொடுத்தேன். நான் வாங்கிக் கொடுத்தது இதுதான் முதல் முறை, சந்தேகத்தோடு குடித்தாள்.

அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டேன், சாய்ந்தே தூங்கலாம். வாசல் படிக்குப் பலகை போட்டுச் சரிவாக்கியிருக்கிறேன். முதலாளி பார்த்துவிட்டு, "யாருப்பா வராங்க, பேராயரா?" என்றார். ராணி என்றேன்.

குதிரை விஷயத்தில் நீ தப்பு. உன் தோளில் இருந்தபோது கத்தினான், அது உண்மை; அங்கிருந்து பார்த்தால் குதிரையின் பல் நேருக்கு நேர் தெரியும். கீழே இறக்கிவிட்டால் அவன் வேறு பிள்ளை. பால்காரனுடைய சாம்பல் குதிரையின் வயிற்றுக்கடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்ச் சிரித்தான். சேறு ஒட்டிய பச்சைக் கால்சட்டை. பால்காரன் உன்னைத்தான் திட்டினான், என்னையல்ல. அது ஈஸ்டர் முடிந்த வாரம். அதனால் குதிரைதான் வைப்பேன்.

இன்னொன்று. பூகம்பத்தன்று நீ அவனை அந்த அறையில் தூங்க வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாய். எல்லா நாளும்தான் போனாய். தண்ணீர் இல்லாமல் யார் வீட்டில் அடுப்பு எரியும்? இதை அன்றே சொல்லியிருப்பேன், நீ கேட்கிற நிலையில் இல்லை.

மெதுவாக வா. ஆழமாக மூச்சு விடு.

மெல்ச்சோர்


உருபாம்பா
அக்டோபர் 30

மாமாவுக்கு நெலி வணக்கம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பஸ் ஓட்டுநர் சிரிலோ கையில் கொடுக்கிறோம், இன்றே உங்களுக்குக் கிடைத்துவிடும் என்றார்.

அண்ணா, நான் வந்துவிட்டேன், ஆனால் வரவில்லை. விமானத்திலிருந்து இறங்கி மேட்டைத் தாண்டும்போதே என் உதடு கறுத்துவிட்டதாம். இங்கே வந்த பிறகும் தெளியவில்லை. இந்த ஊர் வைத்தியர் சின்னப் பையன், கையைப் பிடித்துக்கொண்டு பேசினான். "மேல ஒரு ராத்திரி படுத்தீங்கன்னா எந்திரிக்க மாட்டீங்க, அம்மா" என்றான். திரும்பும்போது சுவாசிக்கிற காற்று உருளையும் முகமூடியும் வைத்துக்கொண்டு நேரே விமானத்துக்குப் போகலாமாம். நகரத்தில் இறங்கக்கூடாது.

எந்திரிக்காவிட்டால் என்ன என்று கேட்டேன். அதற்கு இவள் அழுதாள். அதனால் போகவில்லை.

இங்கே தங்கியிருக்கிற அறை நன்றாகத்தான் இருக்கிறது. சன்னலில் பீச் மரம். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நீ எப்போதும்போல மேசையைப் போடு. அம்மா இதுவரைக்கும் வந்தாள் என்று அவனிடம் சொல்.

இவ்வளவுதான் சொன்னார்கள், மாமா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்கள்.


குஸ்கோ
நவம்பர் 15

என் தங்கச்சிக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்து, உதட்டுக்கு நிறம் திரும்பியிருக்கும் என்று நம்புகிறேன். என் முழங்கால் அந்தப் பயணத்துக்குப் பிறகு பேசாமல் இருக்கிறது.

அன்று நான் உருபாம்பாவில் கதவைத் தட்டியபோது, எப்படி வந்தாய் என்று நீ கேட்கவில்லை. என் கையிலிருந்த மேசைத் துணியைத்தான் பார்த்தாய். பிறகு உனக்கு மூச்சு இல்லை, எனக்குப் பேச்சு இல்லை. இப்போது சொல்லுகிறேன்.

சிரிலோ கொடுத்த கடிதத்தை ஒப்துலியா படித்ததும் நேரே அறைக்குப் போனேன். நீ மேலே வர முடியாது. குழந்தை கீழே வராது, அவனுக்கு அந்த அறைதான் தெரியும். பயந்துபோன பிள்ளையின் ஆவி விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டால், அங்கே போய், பிள்ளையின் துணியைக் காட்டிப் பேர் சொல்லி வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு வருவார்களே, நம் அம்மா உனக்குச் செய்தாளே ஆற்றில் விழுந்தபோது. உயிரோடிருக்கிற பிள்ளைக்குத்தான் அதைச் செய்வார்கள். இறந்தவனுக்கு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் தொப்பியை எடுத்தேன். முதல் தேதி உச்சிவேளை, கட்டிலோரத்தில் நின்று கூப்பிட்டேன்.

தாமியான் என்று கூப்பிட்டேன்.

அந்தப் பேரைச் சொல்லிப் பல வருஷமாகிவிட்டது, வாய் கொஞ்சம் கோணியது. தொப்பியைத் தரையோடு இழுத்துக்கொண்டு, "வா தாமியான், அம்மா வந்திருக்கா, வந்துரு" என்று முற்றம் தாண்டி, பலகைச் சரிவில் இறங்கி, சிரிலோவின் பஸ்ஸில் ஏறினேன். மேசைத் துணி, பால், ரொட்டி எல்லாம் மடியில். சன்னலுக்கு வெளியே தொப்பியைப் பிடித்து ஒவ்வொரு வளைவிலும் கூப்பிட்டேன்.

பஸ்ஸில் இருந்தவர்கள் தொப்பியை எட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தன், "புள்ளைக்கு எத்தன வயசு, தாத்தா?" என்று கேட்டான். ரெண்டு என்றேன். "அப்ப வேகமா நடக்க மாட்டான். சிரிலோ, மெதுவாப் போடா" என்றான். சிரிலோ எந்த நாளும் மெதுவாகப் போனதில்லை, அன்று போனான். பிசாக் பாலத்தில் நிறுத்தவே நிறுத்திவிட்டான், தண்ணீரைத் தாண்டக் குழந்தை பயப்படும் என்று. அங்கே கோழிக்கூடை வைத்திருந்த ஒரு பெண்பிள்ளை இறங்கி என்னோடு நின்று கூப்பிட்டாள். அவள் குரல் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பெண்குரலுக்கு வந்திருப்பான்.

மீதியை நீ பார்த்தாய். பாலில் ஆடை படிந்ததும், குதிரையின் காதை நீ உடைத்து மேசை ஓரம் வைத்ததும். உன் வாயால் நீயும் அவனைக் கூப்பிட்டாய். நெலி கேட்டாள், நானும் கேட்டேன்.

மறுநாள் உச்சிவேளை கழிந்து நான் புறப்பட்டபோது தொப்பியைக் காணவில்லை. தேடவில்லை. துணி இல்லாமல் கூப்பிட்டால் வருவானோ மாட்டானோ, அதனால் திரும்பும் வழியில் கூப்பிடவுமில்லை. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

இதை ஒப்துலியா மெதுவாகத் தட்டுகிறாள். கஷாயம் வேண்டுமா என்றேன், வேண்டாமாம்.

மெல்ச்சோர்


கய்யாவோ
டிசம்பர் 4

அண்ணா,

வெயில் காலம் வந்துவிட்டது. என் கால் வீக்கம் வடிந்து செருப்பு நுழைகிறது. நீ முழங்காலுக்குக் கம்பளி சுற்றுகிறாய்தானே.

தொப்பி என்னிடம் இருக்கிறது. உன்னோடு பஸ்ஸில் வந்த கோழிக்கூடைக்காரி வாசலில் எட்டிப் பார்த்தாளே, நீ அவளுக்கு ரொட்டி கொடுக்க வெளியே போனபோது எடுத்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ கொடுத்திருப்பாய், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாங்க எனக்குத் தெம்பில்லை.

நானும் கூப்பிட்டேன். காரில், மேட்டில், முகமூடிக் காற்றுக்குள்ளேயே. நகரத்தின் ஓரம் வரும்போது கூரை ஓடுகள் தெரிந்தன, தெரு தெரியவில்லை. விமானத்தில் மெதுவாகக் கூப்பிட்டேன். பக்கத்து மனிதர் திரும்பிப் பார்த்தார். நெலி அவரிடம், "ஒண்ணுமில்ல சார், எங்க தாமியான்" என்றாள். அவளுக்கு இப்போது இந்தப் பேர் அவ்வளவு லேசாக வருகிறது. சீட்டு வாங்கவில்லை, மடியில் வைக்கிற பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம்.

கடலைக் காட்டினேன். தொப்பியைக் கட்டில் தலைமாட்டில் மாட்டியிருக்கிறேன். இரவில் எழுந்து உட்காரும்போது கையில் எடுத்துக்கொள்வேன்.

உனக்குக் கோபமா?

பசிலியா


குஸ்கோ
டிசம்பர் 19

என் தங்கச்சி பசிலியாவுக்கு,

உன் காலில் செருப்பு நுழைவது கேட்டு மகிழ்ச்சி. கம்பளி சுற்றியிருக்கிறேன். கோபமில்லை. அவன் போகவேண்டிய வீடு அதுதான், நான் வழிகாட்டி மட்டும்.

கடற்கரையில் குதிரை ரொட்டி கிடைக்காது. வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில் லிமா போகிற லாரியில் அனுப்புகிறேன், வாங்க ஆள் அனுப்பு. காது உடையாமல் வைக்கோலில் சுற்றுகிறேன்.

பிள்ளை அம்மா வீட்டுக்குப் போய்விட்டான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் போய் அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "கிறிஸ்துமஸ் விடுப்பு வேணுமா, மெல்ச்சோர்?" என்று கேட்டார். வீட்டில் போய் என்ன செய்ய, கதவிலேயே இருக்கிறேன் என்றேன். பலகைச் சரிவை எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன், வயதானவர்கள் வருவார்கள்.

உங்கள் பக்கத்தில் யாராவது குஸ்கோ வருகிறேன், எங்கே தங்கலாம் என்று கேட்டால் சொல். முதலில் பள்ளத்தாக்கில் தூங்கிவிட்டு வரச் சொல். எங்கள் விடுதியில் பின்பக்கம், கல்தொட்டிக்கு அருகே, சம தரையில் ஓர் அறை இருக்கிறது. புதுச் சுண்ணாம்பு. காலை வெயில் கட்டில் வரைக்கும் வரும். எந்தத் தேதிக்கு வேண்டுமானாலும் கிடைக்கும்.

உன் அண்ணன்,
மெல்ச்சோர்